வெடி கட்டும் தூரம்

கேட்காரர் ஓடுகிறார் என்பது ஒரே வாரத்தில் அந்தச் சாலையில் போக வர இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துபோயிற்று. ஐம்பதைத் தொட்ட மனுஷன், வெயில் ஏறுவதற்குள் பனியனும் அரைக்கால் சட்டையுமாகத் தண்டவாளத்துக்கு நடுவே சிலிப்பர் கட்டைகளின் மேல் தடதடவென்று ஓடினால் தெரியாமல் என்ன செய்யும்? பால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"என்ன கேட்டம்மா, வீட்டுக்காரரு யாருக்குப் பயந்து இப்படி ஓடுறாரு? உங்களுக்கா?"

"ஆமா, எனக்குத்தான். பாலை ஊத்திட்டு நீங்களும் ஓட்டம் பிடிங்க."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, அவள் கண் தண்டவாளத்தை விட்டு நகரவில்லை. கேட்டம்மா என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். ரயில்வே கேட்டை ஒட்டிய அந்த இரண்டு அறை வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதுதான் அவள் பெயர். பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு மறுபடி வாசலுக்கு வந்து நின்றாள். தூரத்தில் அவர் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. இன்றைக்கும் அரை மைலில் இருக்கிற பாலத்தைத் தாண்டவில்லை.

கேட்காரர் வேலை என்றால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களை ஒரு நாளைக்கு அந்தக் கைப்பிடியைச் சுற்றச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் சங்கிலி துருவேறி இறுகிக்கிடக்கும். தோள்பட்டை கழன்று வந்துவிடும். தண்டவாளத்தை ஒட்டிய பள்ளத்தில் லாரிச் சக்கரம் கொண்டுவந்து திணிக்கிற கல்லையெல்லாம் கம்பியால் நோண்டி எடுக்க வேண்டும். விளக்குக் கண்ணாடி துடைக்க வேண்டும், எண்ணெய் போட வேண்டும். கேட்டைத் திறக்கச் சொல்லி ஹாரன் அடிக்கிறவனிடம் வசவு வாங்க வேண்டும். வாங்கிய வசவைத் திருப்பிக் கொடுக்கவும் கூடாது.

இது எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வேலை இருக்கிறது. அது வேலைக் காலம் முழுக்க வராமலே போய்விடலாம். தண்டவாளத்தின் மேல் ஏதாவது வண்டி மாட்டிக்கொண்டு, போனும் வேலை செய்யாமல் போனால், சிவப்புக் கொடியையும் எச்சரிக்கை வெடியையும் எடுத்துக்கொண்டு, வருகிற ரயிலை நோக்கி ஒரு மைல் தூரம் ஓட வேண்டும். அங்கே தண்டவாளத்தின் மேல் வெடியைக் கட்ட வேண்டும். சக்கரம் ஏறியதும் வெடிக்கும். டிரைவர் பிரேக் போடுவார். முழு வேகத்தில் வருகிற ரயில் நிற்பதற்கு அவ்வளவு தூரம் வேண்டும்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியான வேளையில் அந்த வேலை வந்து சேர்ந்தது. சிமெண்டு மூட்டை ஏற்றிவந்த லாரி ஒன்று பிரேக் பிடிக்காமல் வழுக்கி, சாத்திக்கொண்டிருந்த கேட்டை முறித்துக்கொண்டு வந்து, போன் கம்பத்தில் மோதித் தண்டவாளத்தின் குறுக்கே நின்றது. கம்பம் சாய்ந்தது, கம்பி அறுந்தது. லாரியின் முகப்பு உள்ளே நசுங்கி டிரைவரின் இரண்டு காலும் சிக்கிக்கொண்டன. அடுத்த ரயில் வெடி கட்டுகிற இடத்துக்கு வரப் பத்து நிமிஷம் இருந்தது. கேட்டம்மா டிரைவர் பக்கத்துக் கதவை இழுத்துக்கொண்டே புருஷனைப் பார்த்துக் கத்தினாள்: "நிக்காதீங்க! வேகமா ஓடுங்க! வேகமா!"

குதிகால் பிடரியில் பட ஓடினார் மனுஷன். பாலம் வரைக்கும் அவர் ஓடிய ஓட்டத்தை அவள் கண்ணால் பார்த்தாள். பாலத்துக்கு அப்பால் நடந்ததை அவர் பிறகு சொல்லித்தான் தெரியும். நெஞ்சு அடைத்தது, கால் இரும்பாய்க் கனத்தது, நின்றார், நடந்தார், மறுபடி ஓடப் பார்த்தார், மறுபடி நடந்தார். கால் மைல் மிச்சம் இருக்கும்போதே ரயில் எதிரே வந்துவிட்டது. வெடி கட்ட நேரமில்லாமல் கொடியை ஆட்டினார். ரயில் டிரைவர் பார்த்தார், பிரேக்கும் போட்டார். ஆனாலும் லாரியில் வந்து மோதித்தான் நின்றது. ரயிலில் இருந்தவர்களுக்குச் சிராய்ப்புகூட இல்லை. லாரி டிரைவர் போய்விட்டார்.

விசாரணையில் கேட்காரர் மேல் குற்றம் இல்லை என்றார்கள். "ஜல்லிக்கல்லு மேல பத்து நிமிஷத்துல ஒரு மைல் ஓட மனுஷனால முடியாதுங்க. நான் சத்தியமா சொல்றேன்" என்று அவர் அங்கே சொன்னார். அதை நம்பித்தான் சொன்னார். அப்போது எழுந்தவர் ரயில்பாதை இன்ஸ்பெக்டர். அவருக்கு டேப்பு என்று பட்டப்பெயர். சட்டைப் பையில் அளவு டேப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை, எங்கே நின்றாலும் எதையாவது அளந்துகொண்டிருப்பார். "முடியாதுன்னா கேட்டுக்கு ஆள் எதுக்கு?" என்று கேட்டார் டேப்பு. கோடை முடிவதற்குள் ஒரு மைலைப் பத்து நிமிஷத்துக்குள் ஓடிக் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. காட்டினால் கேட்டு திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் எங்கேயோ தூரத்தில் கூடாரம் போட்டு ஜல்லி அள்ளுகிற கூட்டத்தோடு போக வேண்டும், வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதுவரைக்கும் கேட்டை வேறு ஆட்கள் பார்த்தார்கள். தன் வீட்டு வாசலில் வேறொருவர் கைப்பிடி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே அவர் ஜல்லி அள்ளப் போய்வந்தார்.

மகள் லீவுக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் அவள். வந்த மறுநாள் காலையில் வாசலில் நின்று அப்பா ஓடுவதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, இவரு என்னம்மா பண்றாரு?"

"பார்த்தா தெரியல? ஓடுறாரு."

"இது ஓட்டமா? கோழி நடை மாதிரி இருக்கு."

அவர் வந்து படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு மாசமா ஓடுறேன், ஒரு நாளு கூட முன்னேற்றம் இல்ல. வயசாயிடுச்சு."

"வயசு இல்லப்பா. உங்க கால் உங்க பேச்சைக் கேக்கல, கட்டை பேச்சைக் கேக்குது. ஒரு கட்டைக்கு ஒரு அடின்னு வச்சா அடி குட்டையா போயிடுது. ரெண்டு கட்டைக்கு ஒரு அடின்னா எட்டல. நீங்க ஒவ்வொரு கட்டையா மிதிச்சு மிதிச்சு உங்க காலுக்கு அந்தக் குட்டை அடிதான் பழகியிருக்கு. நேத்து கடைக்கு நடந்தீங்களே, ரோட்டுல. அப்பவும் அதே அடிதான் வச்சீங்க."

அவர் தன் காலைத் தானே புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இத்தனை வருஷம் தண்டவாளத்தோடு பிழைத்தவர்கள் ஓடிப் பழகவும் தண்டவாளத்துக்குத்தான் போவார்கள். வேறு இடம் அவர்கள் புத்தியில் தோன்றாது.

"அப்ப எங்கே ஓடணும்?"

"கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னாடி மைதானம் இருக்குல்ல? நாலு சுத்துக்கு ஒரு மைல். டெஸ்டும் அங்கதானே வைக்கப்போறாங்க?"

"அன்னைக்கு லாரி மைதானத்துலயா நின்னுச்சு?"

"முதல்ல ஓடக் கத்துக்குங்க. தண்டவாளத்தை ஒட்டி ஒத்தையடிப் பாதை இருக்கு, அதுல அப்புறம் ஓடலாம். கட்டை மேல வேணாம்."

அடுத்த நாள் மைதானத்துக்கு மூன்று பேருமாகப் போனார்கள். கேட்டம்மா தண்ணீர்ப் பாட்டிலும் துண்டுமாக ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டாள். மகள் கையைத் தட்டியதுதான் தாமதம், வில்லிலிருந்து விட்டதுபோலப் பாய்ந்தார் மனுஷன். முதல் சுற்று முடியும்போது மகளே அசந்துபோய்ப் பார்த்தாள். இரண்டாவது சுற்றில் பாதியில் நாக்குத் தள்ளியது. மூன்றாவதில் நடந்தார். நாலாவது சுற்றே இல்லை.

"முதல் சுத்துல உங்களை யாருப்பா துரத்துனா?" என்று மகள் கேட்டாள்.

யார் துரத்தியது என்று கேட்டம்மாவுக்குத் தெரியும். தலையைக் குனிந்து பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இதோ பாருங்க. உங்ககிட்ட ஒரு மைலுக்கு உண்டான மூச்சு இருக்கு. நீங்க அதை முதல் சுத்துலேயே செலவழிச்சுடுறீங்க. கடைசில கையில ஒண்ணும் இல்லாம நிக்கிறீங்க. முதல் சுத்து எங்கிட்டப் பேசிக்கிட்டே ஓடணும். பேச முடியலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். ரெண்டாவதும் மூணாவதும் அதே வேகம், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மிச்சம் இருக்கிறதை நாலாவதுல போடுங்க."

"பேசிக்கிட்டே ஓடுறதா?" அவர் குரல் திடீரென்று ஏறியது. "அங்க ஒரு ஆளு சாகக் கிடக்கிறான். நான் ஊர்க்கதை பேசிக்கிட்டு ஓடணுமா?"

மகள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஆனால் அவள் அப்பனுக்குப் பிறந்தவள், விடுகிற ஜாதி இல்லை.

"சீக்கிரம் போய்ச் சேரணும்னுதான்பா சொல்றேன். நிதானமா கிளம்புறவங்கதான் முன்னாடி போய்ச் சேருவாங்க. உங்களுக்கு அது அநியாயமாத் தெரியுது. ஆனா அதுதான் நிஜம்."

அவர் காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். "சரி. என்ன பேசணும்?"

"நான் சின்னப் புள்ளையில எப்படி இருந்தேன்னு சொல்லுங்க."

"அழுமூஞ்சி" என்று சொல்லிக்கொண்டே ஓட ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் அந்த வீட்டில் ஓட்டத்தைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஒரு நாள் முழு மைல், ஒரு நாள் தண்டவாளத்தை ஒட்டிய ஒத்தையடிப் பாதை, ஒரு நாள் ஒரு சுற்று வேகமாக ஓடி ஒரு சுற்று நடப்பது, ஒரு நாள் சும்மா இருப்பது என்று மகள் ஒழுங்கு வைத்தாள். சும்மா இருப்பதுதான் அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. கையை இறுக்காதீர்கள், தோளைத் தூக்காதீர்கள், குதிக்காதீர்கள் என்று ஓயாமல் நச்சரித்தாள். "உங்க அம்மா கூட என்னை இவ்வளவு திட்டினது இல்ல" என்பார் அவர். கேட்டம்மா விடிவதற்குள் கஞ்சி காய்ச்சினாள், முட்டை அவித்தாள். ஜல்லி அள்ளி வந்த கைகால்களுக்குச் சாயங்காலம் வெந்நீர் வைத்தாள். அனல் காற்று தகரக் கூரையைத் தடதடக்கவைக்கிற மத்தியானங்களில்கூட அவர் தரையில் படுத்துக்கொண்டு விரலால் ஏதோ தாளம் போட்டுக்கொண்டிருப்பார். அது நாலு சுற்றின் வேகம் என்று அவளுக்குத் தெரியும்.

ஓட்டம் தேறியது. முதல் சுற்றில் பேசினார். இரண்டாவதில் முகம் அமைதியாக இருந்தது. மூன்றாவதில், முன்பெல்லாம் நடந்த இடத்தில், அதே அடி, அதே மூச்சு. கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் பீடியைக் கீழே போட்டுவிட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆனால் நாலாவது சுற்றில் ஒவ்வொரு நாளும் கடைசி வளைவு திரும்பியதும் அவர் சுணங்கினார். தினமும் பத்து நிமிஷத்தைத் தாண்டித்தான் கோட்டுக்கு வந்தார்.

"என்னன்னே புரியல. மூணு சுத்து இவ்வளவு நல்லா ஓடுறவரு கடைசில ஏன் விழுறாரு?" என்று மகள் மண்டையைக் குடைந்துகொண்டாள். அவள் லீவு முடிந்து கிளம்புகிற நாளன்றும் அப்படித்தான் ஆனது. பஸ் ஏறும்போது, "டெஸ்டு வர்றதுக்குள்ள சரியாயிடும்மா" என்றாள். குரலில் நம்பிக்கை இல்லை.

மறுநாள் காலை கேட்டம்மா கல்லின் மேல் உட்காரவில்லை. கடைசி வளைவு முடிகிற இடத்துக்குப் போய் நின்றாள். அவர் திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது, ஆனால் திணறவில்லை. கால் நன்றாகத்தான் விழுந்தது. எதிரே கோட்டைப் பார்த்தார். பார்த்ததும் வேகத்தைக் குறைத்தார். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்கு அவர் மூச்சு எப்போது நிஜமாக வாங்குகிறது என்று தெரியாதா? அவளுக்குச் சுருக்கென்றது. துண்டை எடுத்து நீட்டினாள்.

சாயங்காலம் அவர் ஜல்லி வேலை முடிந்து குளித்துவிட்டு வந்தபோது அவள் அடுக்களை வாசலில் முறத்தில் பருப்பைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். டீயை நகர்த்திவைத்தாள்.

"ஏங்க, இன்னைக்கு ஏன் நின்னீங்க?"

"எங்க நின்னேன்? ஓடிக்கிட்டுத்தானே இருந்தேன்."

"சந்தைக்குப் போயிட்டு வர்ற ஆளு மாதிரி வந்தீங்க."

"கால் வலி."

"எந்தக் கால்?"

அவர் ஒரு நொடி யோசித்து வலது காலைத் தொட்டார்.

"வரும்போது இடது காலைத்தான் பிடிச்சுவிட்டுக்கிட்டு வந்தீங்க. எங்கிட்ட மறைக்கணும்னா நீங்க இன்னொரு தடவை பொறந்து வரணும். சொல்லுங்க."

டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். வெளியே புது ஆள் கேட்டைச் சாத்துகிற சங்கிலிச் சத்தம் கேட்டது. ரயில் ஒன்று கடந்துபோய் வீடு அதிர்ந்து அடங்கியது.

"கோடு தெரியுது. மூச்சு இருக்கு, கால் இருக்கு. இப்படியே போனா பத்து நிமிஷத்துக்கு முன்னாடியே தாண்டிடுவேன்னு தெரியுது. தாண்டிட்டா?"

"தாண்டிட்டா கேட்டு. வீடு. வேற என்ன?"

"தாண்டிட்டா அந்த டிரைவரைக் கொன்னது நான்னு ஆயிடும்."

அவள் கை முறத்தில் அப்படியே நின்றது.

"மனுஷனால முடியாத காரியம்னு நினைச்சுத்தான் இத்தனை மாசம் சோறு தின்னேன். அப்படித்தான் சத்தியம் பண்ணினேன். இப்ப நம்ம பொண்ணு வந்து, மெதுவா கிளம்புங்கப்பா, சமமா ஓடுங்கப்பான்னு சொல்லிக் கொடுத்தா. முடியுது. அன்னைக்கும் இதே கால்தானே? இதே நெஞ்சுதானே? பாலம் வரைக்கும் நிதானமா ஓடியிருந்தா நான் போய்ச் சேர்ந்திருப்பேன். வெடி கட்டியிருப்பேன்."

"அதுக்கு? நீங்க தோத்துட்டா அவரு எழுந்து வந்துடுவாரா?"

"வரமாட்டாரு. நான் கொஞ்சம் தூங்குவேன்."

"நானும் நீங்களும் கூடாரத்துல தூங்குவோம், நல்லாத்தான் இருக்கும்!" கோபத்தில் முறத்தைத் தள்ளினாள், பருப்பு கொஞ்சம் தரையில் சிதறியது. சிதறியதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் போய் அழுகை வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டாள். பிறகு, இத்தனை மாதமும் தொண்டையில் முள்ளாய் நின்றதைச் சொன்னாள்.

"வேகமா ஓடுங்கன்னு கத்தினது யாரு? நான். உங்களைப் பாதி வழியில விழவச்சது நான். அது மட்டுமில்ல. நீங்க போனதும் லாரிப் படியில ஏறி நின்னேன். அந்த ஆளு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. வண்டி வருமா அக்கான்னு கேட்டாரு. வராது, என் வீட்டுக்காரரு நிறுத்திடுவாருன்னு சொன்னேன். சொல்லிக்கிட்டே இருந்தேன். தண்டவாளம் அதிர ஆரம்பிச்சுது. நான் இறங்கணும்னு பார்த்தேன், அவரு கையை விடல. இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. அந்த விரலை ஒண்ணொண்ணா நான் பிரிச்சு எடுத்தேன். பிரிச்சுட்டுக் குதிச்சேன்."

அவர் டீயைக் கீழே வைத்தார். "ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்களே தாங்க முடியாம கிடக்குறீங்க. என்னுதையும் உங்க தலையில ஏத்தணுமா?"

"இறங்கலைன்னா நீயும் போயிருப்ப."

"எனக்கும் தெரியும். தெரிஞ்சா ஆச்சா?"

இருவரும் கொஞ்ச நேரம் தரையில் சிதறிய பருப்பைப் பொறுக்கினார்கள். அவருடைய தடித்த விரல்களுக்குப் பருப்பு அகப்படாமல் நழுவியது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"வீட்டுக்காகச் சொல்லல. வீடு போனா போகட்டும். நாளைக்கே இன்னொரு லாரி அங்க வந்து நிக்காதுன்னு யாரு கண்டா? அதுல ஒரு ஆளு உட்கார்ந்திருப்பான். அவன் பக்கத்துல நான் நிப்பேனோ இல்ல வேற யாரோ. எப்படி ஓடினா போய்ச் சேரலாம்னு இப்ப உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி வச்சுக்கிட்டு நீங்க எங்க போய்த் தூங்குவீங்க?"

அவர் பொறுக்கிய பருப்பை முறத்தில் போட்டுவிட்டு ஆறிப்போன டீயைக் குடித்தார்.

டெஸ்டு நாளன்று வானம் மூடியிருந்தது. மழை வரும்போல இருந்தும் வரவில்லை. ஜல்லிக் கூட்டத்து ஆட்கள் பத்துப் பேர் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். டேப்பு முந்தின நாளே மைதானத்தை அளந்து சுண்ணாம்பு போட்டிருந்தார். அன்றைக்கும் திருப்தி இல்லாமல் இன்னொரு தடவை அளந்தார். "சார், அது நேத்தைக்கு மேல இன்னைக்கு வளர்ந்தா போயிடும்?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள். கேட்டம்மாவுக்குக் காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை.

கேட்காரர் கொடியைக் கையில் பிடித்து, வெடி வைக்கிற பையைத் தோளில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். டேப்பு விசில் ஊதினார்.

நிதானமாகக் கிளம்பினார். ஆட்கள், "என்னண்ணே, நடைப் பயணமா? போடுங்க, போடுங்க!" என்று கத்தினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. உதடு அசைந்தது. யாரும் பக்கத்தில் இல்லாவிட்டாலும் முதல் சுற்று முழுக்கத் தனக்குத்தானே பேசிக்கொண்டு ஓடினார். இரண்டாவது சுற்றில் வாய் மூடியது, கால் அதே சீரில் விழுந்தது. மூன்றாவதில் கத்தினவர்களெல்லாம் அடங்கிப்போய், அவர் அடி வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அடி குட்டையாகவும் இல்லை, நீளமாகவும் இல்லை. அவர் உயரத்துக்கு அளந்து வைத்த அடி.

கடைசி வளைவு வந்தது. கேட்டம்மா இரண்டு கையையும் மார்போடு சேர்த்துக்கொண்டு நின்றாள். ஓடு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, நில் என்றும் வரவில்லை. அவர் கோட்டைப் பார்த்தார். முகம் ஒருமுறை கோணியது. அழப்போகிற பிள்ளையின் முகம் போலிருந்தது. பிறகு அவர் கால் வேகமெடுத்தது. மிச்சம் வைத்திருந்த அத்தனையையும் எடுத்து அந்தக் கடைசித் தூரத்தில் போட்டார். கோட்டைத் தாண்டி, கூட்டத்தைத் தாண்டி, கூட்ஸ் ஷெட் சுவர்வரைக்கும் போய்த்தான் நின்றார்.

டேப்பு கடிகாரத்தைப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார். பத்து நிமிஷம் ஆக இன்னும் அரை நிமிஷத்துக்கு மேல் இருந்தது. ஆட்கள் ஓவென்று கத்திக்கொண்டு ஓடிப்போய் அவரைத் தூக்கப் பார்த்தார்கள். அவர் அவர்களை விலக்கிக்கொண்டு டேப்பின் முன்னால் வந்து நின்றார்.

"சார், அன்னைக்குப் பத்து நிமிஷம் இருந்துச்சுல்ல?"

டேப்புக்கு அளக்கத் தெரியாத இடம் அது. கடிகாரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "அதெல்லாம் இப்ப எதுக்குங்க? திங்கட்கிழமை கேட்டுக்கு வந்துடுங்க. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்றார். தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தக் கை சற்று நேரம் அங்கேயே இருந்தது.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மனைவியிடம் வந்தார். "வா."

"வீட்டுக்குத்தானே?"

"இல்ல. அந்தம்மா வீட்டுக்கு."

யார் என்று அவள் கேட்கவில்லை. செத்துப்போன டிரைவரின் மனைவி லாரி ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிறாள் என்று இருவருக்கும் தெரியும். இத்தனை மாதமும் அவள் கேட்டைக் கடந்து போகும்போதெல்லாம் இவர் வீட்டுக்குள் புகுந்துகொள்வார். அன்றைக்கு அந்தத் தெரு முனை வந்ததும் கேட்டம்மா நடையைக் குறைத்தாள். அந்தப் பெண் என்ன சொல்வாளோ, எதை எடுத்து வீசுவாளோ. திரும்பிவிடலாம் என்று புருஷன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் திரும்புகிற எண்ணம் இல்லை.

முற்றத்தில் லாரிக்குப் போடுகிற பெரிய தார்ப்பாயை விரித்து அதன் நடுவில் உட்கார்ந்து கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். புருஷன் போனபின் அதுதான் அவளுக்குப் பிழைப்பு. உள்ளங்கையில் தோல்பட்டை கட்டியிருந்தாள். கனத்த ஊசியை அதில் அழுத்திக் குத்தி இழுத்தாள். ஆட்களைப் பார்த்ததும் கை நின்றது.

அவர் தார்ப்பாயின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"தங்கச்சி, நான்தான் கேட்காரன்."

"தெரியும்."

"இன்னைக்கு மைதானத்துல ஒரு மைல் ஓடினேன். பத்து நிமிஷத்துக்குள்ள வந்துட்டேன். விசாரணையில முடியாதுன்னு சொன்னேன். அது தப்பு. முடியும். அன்னைக்கு நான் ஓடின விதம் தப்பு. எடுத்த எடுப்புல முழு வேகத்துல ஓடிட்டேன். பாலத்துக்கு அப்புறம் மூச்சு போயிடுச்சு, நடந்துட்டேன். நிதானமா கிளம்பியிருந்தா போய்ச் சேர்ந்திருப்பேன். அவரு பொழைச்சிருப்பாரு. இதை நானே வந்து உங்ககிட்டச் சொல்லணும்னு தோணிச்சு."

அந்தப் பெண் ஊசியைத் தார்ப்பாயில் குத்தி நிறுத்தினாள். கண் இடுங்கியது.

"பொழைச்சிருப்பாரா?"

"ஆமா."

"இதைச் சொல்ல வந்தீங்களா? இதைக் கேட்டு நான் என்ன பண்ணணும்?"

கேட்டம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அந்தப் பெண் தலையைக் குனிந்து தார்ப்பாயின் கிழிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபடியே பேசினாள்.

"நடந்து போனீங்கன்னுதான் எங்கிட்டச் சொன்னாங்க. ரயில் டிரைவர் பார்த்தாராம், கொடியைப் பிடிச்சுக்கிட்டு அந்த ஆளு நடந்து வந்துக்கிட்டு இருந்தாருன்னு. ஆபீசுல சொன்னாங்க, ஷெட்டுல சொன்னாங்க. மாட்டிக்கிட்டது வேத்து ஆளுதானே, அவருக்கு என்ன அவசரம்னு நினைச்சேன். தினமும் நினைச்சேன். நடந்து போனாரு, நடந்து போனாருன்னு."

"நடந்தேன்தான் தங்கச்சி."

"அதுக்கு முன்னாடி?"

"ஓடினேன்."

"எப்படி ஓடினீங்க?"

அவர் விழித்தார். கேள்வி புரியாமல் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கேட்டம்மா முன்னால் வந்து தார்ப்பாயின் மேல் கால் வைத்தாள்.

"நான் பார்த்தேன்மா. உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடினாரு. பெத்த புள்ளைக்கு ஒண்ணுன்னா கூட இவரு அப்படி ஓடிப் பார்த்தது இல்ல. மூச்சை மிச்சம் வைக்கணும்னு இவருக்குத் தோணவே இல்ல. கால் விழுந்து போற வரைக்கும் ஓடினாரு."

அந்தப் பெண் தோல்பட்டை கட்டிய கையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள்.

"இத்தனை மாசத்துல," என்றாள், "ஒருத்தர் கூட எனக்கு அதைச் சொல்லலையே."